வலது பக்கப் பின்சக்கரம்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைத் திண்டிவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதல் ஆறு மாதம் பஸ்ஸில் போய் வந்தாள். காலையிலும் நின்றுகொண்டு போவாள், சாயங்காலமும் நின்றுகொண்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்து, கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கால்மணி நேரம் அப்படியே இருப்பாள். ஒருநாள் அந்த நிலையிலேயே, “நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேங்க” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஐந்து வருஷம் ஓடிய ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கினோம். இரண்டே மாதத்தில் அவள் என்னைவிட நன்றாக ஓட்ட ஆரம்பித்தாள். நான் ஓட்டினால் கியர் மாற்றுவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அவள் ஓட்டினால் தெரியாது. அதனால் எங்களுக்குள் யாரும் பேசி முடிவு செய்யாமலேயே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. ஓட்டுவது அவள், பார்த்துக்கொள்வது நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பேன், தண்ணீர் பார்ப்பேன், டயருக்குக் காற்று அடித்து வருவேன். அவள் உள்ளே இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ரைஸ் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். இருபத்தாறு வருஷமாக ஒரே மில். நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர், உமியை நீக்குகிற மெஷின், அரிசியைத் தீட்டுகிற மெஷின் என்று எங்கு பார்த்தாலும் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற ஒவ்வொன்றையும் ஒரு பேரிங்தான் தாங்கும். பேரிங் கெட்டால் முதலில் சத்தம் மாறும், பிறகு சூடாகும், பிறகு மில் நின்றுபோகும். சத்தம் மாறும்போதே கண்டுபிடிப்பவன்தான் நல்ல ஃபிட்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக்கொண்டு நிற்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது நிறையவே இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் அவள் காரை நிறுத்திவிட்டு வந்து, கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் தோளைத் தொட்டாள்.

“கார்ல ஒரு சத்தம் வருதுங்க.”

“இன்னா சத்தம்?”

“உம்ம்ம்னு ஒரே மாதிரி. அறுபதைத் தாண்டினா ஆரம்பிக்குது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. ஸ்லோ பண்ணா அடங்கிடுது. எனக்குப் பின்னாடி, வலது பக்கத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கு.”

“இன்ஜின் சத்தமா இருக்கும்.”

“இல்லங்க. ரோடு காலியா இருந்தப்ப ஒரு செகண்டு நியூட்ரல்ல போட்டுப் பாத்தேன். இன்ஜின் அடங்கிடுச்சு, அது அடங்கல.”

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். என்னிடம் வேலை கற்க வந்த எவனுமே இவ்வளவு சுத்தமாக ஒரு கோளாறைச் சொன்னதில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை வளவனூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நானே ஓட்டுகிறேன் என்று வண்டியை எடுத்தேன். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற ஒரு நேரான இடத்தில் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஏற்றினேன்.

“இப்ப… இப்ப கேக்குது பாருங்க” என்றாள்.

எனக்குக் கேட்டது டயர் ரோட்டில் ஓடும் இரைச்சலும் காற்றும்தான். இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தேன்.

“இப்ப நல்லாவே கேக்குதே. கேக்கலையா?”

“இது ரோட்டு சத்தம்மா. டயரு தேஞ்சா இப்பிடித்தான் இரையும்.”

“ரோட்டு சத்தம் தனியா கேக்குதுங்க. இது அதுக்குள்ள வேற.”

“இருவத்தாறு வருஷமா பேரிங்கோட குடும்பம் நடத்திக்கினு வர்றேன். எனக்குத் தெரியாதா?”

குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரியும்தான்” என்றாள். அதை நான் அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். மாமியார் வீட்டில் போய் நிம்மதியாக இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போட்ட தாளின் பின்பக்கம். அவளுடைய உருண்டையான கையெழுத்தில் எழுதியிருந்தது. போகும்போது எங்கே கேட்டது, வரும்போது எங்கே கேட்டது, எந்த வேகத்தில், காரில் யார் யார் இருந்தபோது. கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தாள். கூட்டேரிப்பட்டைத் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் லேசாக இடது பக்கம் வளைத்தால் சத்தம் கூடுகிறது, வலது பக்கம் வளைத்தால் குறைகிறது.

“நாளைக்கு நான் பஸ்ல போறேன்” என்றாள். “நீங்க சக்கரத்தைக் கழட்டிப் பாக்கற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன். கோவமா சொல்லல. பயமா இருக்கு, அவ்ளோதான்.”

நான் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது பக்கச் சக்கரத்தில் போய் விழும். பாரம் விழும்போது சத்தம் கூடினால், கோளாறு வலது பக்கத்தில். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுதி வைத்ததால் தானாக வெளியே வந்திருக்கிறது. பேச்சில் நான் ஜெயித்துவிடலாம். இந்தத் தாளோடு என்ன பேசுவது?

வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். அன்று சாயங்காலம் மறுபடியும் அந்தச் சுவரில் கால் இரண்டும் ஏறி நின்றன. ஞாயிறு வரைக்கும் தள்ள வேண்டாம் என்று சனிக்கிழமை அரைநாள் லீவு சொன்னேன்.

எங்கள் வீட்டு முன்பக்கம் சிமெண்டு போட்ட சின்ன இடம் உண்டு. துணி காயவைக்கவும் காரை நிறுத்தவும் அதுதான். சரிவில்லாத தரை. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் செங்கல் கொடுத்தேன். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் அதை விடுவித்துவிட்டு முதல் கியரில் போட்டேன். ஜாக்கி வைத்து வலது பக்கப் பின்பக்கத்தைத் தூக்கி, மில்லிலிருந்து வாங்கி வந்த இரும்பு ஸ்டாண்டை அடியில் நிறுத்தி வண்டியை அதன்மேல் இறக்கினேன். ஜாக்கி நழுவினால் கை போய்விடும். அவள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, காய் நறுக்க உட்காரும் குட்டி ஸ்டூலைத் தூக்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு? வெயில்ல.”

“சும்மா இருக்கேன். நீங்க பாருங்க.”

டயரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்து ஆட்டினேன். பேரிங் நன்றாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் கடகடவென்று ஆடும். ஆடவில்லை. பக்கவாட்டில் கை வைத்து ஆட்டினேன். கல்லு மாதிரி நின்றது.

“பாத்தியா? ஆட்டமே இல்ல” என்றேன்.

“சுத்திப் பாருங்க.”

சுற்றினேன். சக்கரம் ஓடி நின்றது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அச்சுக்குப் பக்கத்தில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு மறுபடியும் சுற்றினேன். ஒன்றும் இல்லை.

“கேக்குதா?” என்றாள்.

“ஷூ உரசுது. பிரேக் ஷூ. அதுதான்.”

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு ஷூ உரசுகிற சத்தமும் கேட்கவில்லை. சக்கரத்தை உள்ளே அழுத்தி நிறுத்துகிற ஷூ என்றால் உரசத்தான் செய்யும், அதனால் சொன்னேன். கேட்காமலேயே சொல்கிறேன் என்பது சொல்லும்போது எனக்கே தெரியாது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னொரு தடவ சுத்துங்க.” சுற்றினேன். “கர்ர்ர்னு வருதுங்க. வறுத்த மல்லாட்டைய உடைச்சு, அந்தத் தோலைக் கையில வெச்சுக் கசக்கினா வருமே, அந்த மாதிரி. விட்டு விட்டு வரல. ஒரே சீரா வருது.” கண்ணைத் திறந்தாள். “உள்ள ஸ்பிரிங் இருக்குல்ல, அதுமேல கைய வைங்க. நான் சுத்தறேன்.”

“இது யாரு சொல்லிக் குடுத்தா?”

“மத்தியானம் சாப்பிடற நேரத்துல போன்ல வீடியோ பாத்தேன்.”

நான் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் கையை நீட்டி, சுருள் கம்பியை லேசாகப் பிடித்தேன். அவள் இரண்டு கையாலும் டயரைத் தள்ளினாள்.

கம்பி என் விரல்களுக்குள் நடுங்கியது. பொடி மணலின்மேல் ஏதோ உருள்வது போல நுணுக்கமான ஒரு நடுக்கம். சக்கரம் வேகம் குறையக் குறைய அதுவும் தளர்ந்து, சக்கரத்தோடு நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லை. உள்ளே குண்டு ஓடும் பாதை சொரசொரத்துப் போயிருக்கிறது. மில்லில் இப்படி ஒரு பேரிங்கைத் தொட்டால் அடுத்த நிமிஷமே மெயினை அணைக்கச் சொல்லிவிடுவேன்.

எழுந்து, வண்டியை இறக்கி, இடது பக்கத்தைத் தூக்கினேன். அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். சுற்றினாள். கம்பி அசையவே இல்லை. மறுபடியும் வலது பக்கத்தைத் தூக்கினேன். இரண்டாவது தடவை பார்க்க வேண்டிய அவசியம் வண்டிக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது. அவள் சுற்ற, நான் ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு, தலையை டயருக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோனேன். கைக்குள் நடுங்குகிறது. காதில் ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பி அடுத்த காதைக் காட்டினேன். ஒன்றும் இல்லை.

“உனக்கு இப்ப கேக்குதா?” என்றேன்.

“கேக்குது.”

“எவ்ளோ சத்தமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். என்னைக் காயப்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பாள். “பக்கத்துல உக்காந்து ஒருத்தர் பேசற அளவுக்குங்க” என்றாள்.

நான் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையெல்லாம் கருப்பு. அவள் ஸ்டூலை விட்டு இறங்கி எனக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். துணிக்கொடியில் தொங்கிய ஈரத்துணியிலிருந்து எங்கள்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?”

“ஒரு வருஷம் இருக்குங்க.”

“ஏன் சொல்லல?”

“ரெண்டு தடவ சொன்னேன். உங்களுக்குக் கேக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சக்கரம் தூக்கிய காருக்குப் பக்கத்தில், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது என் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வர ஆரம்பித்தது. அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். துண்டில் அப்பிய கிரீஸைப் பார்த்து, “போச்சு, புதுத் துண்டு” என்றாள். அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. கொஞ்ச நாளாக அவள் அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடுவதே இல்லை. வந்து தோளைத் தொட்டுத்தான் பேசுவாள். அதை ஆசையாகத் தொடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலிலிருந்து மகள் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நகர்த்தி வைப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் வந்து உட்காருவாள். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், அதையே அவள் வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வாள். “வேலை எப்படிப் போவுதுன்னு கேக்கறார் பாருங்க.” ஒரு வருஷமாக அவள் எனக்குக் காதாக இருந்திருக்கிறாள், நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நானும் அவளிடம் ஒன்றைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. மூன்று மாதத்துக்கு முன்னால் மில்லில் எலிவேட்டரின் மேல் பேரிங் சூடேறிப் புகை வந்துவிட்டது. என்கூட வேலை செய்பவர் வாசனை பிடித்து ஓடிப்போய் மெயினை அணைத்தார். சுற்றிலும் உமித் தூசி. ஒரு பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம். அன்று காலையில்தான் அந்த பேரிங்மேல் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லியிருந்தேன். அப்புறம் மட்டமான கிரீஸ் என்று அதன்மேல் பழியைப் போட்டேன். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். “அது கிரீஸ் இல்லன்னு இப்ப தோணுதா?” என்றாள்.

“தோணுது.”

“சரி. முதல்ல வண்டிய இறக்குங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் லீவு போடலாம்.”

திங்கட்கிழமை அவள்தான் ஓட்டினாள். ஓரமாகவே, நாற்பதைத் தாண்டாமல். திண்டிவனத்தில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பேரிங்கை அமுக்கி ஏற்றுகிற மெஷின் உள்ள ஒரு பட்டறை இருக்கிறது. பட்டறைக்காரர் என் வயதுக்காரர். சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுதான் சுற்றினார். “போயிடுச்சு சார், வலது பக்கம். எப்பிடி கண்டுபிடிச்சீங்க? ஆட்டமே வரலையே இன்னும்” என்றார்.

“வீட்டுல கண்டுபிடிச்சாங்க” என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்து, “நீங்களா மேடம்? நல்ல காது உங்களுக்கு” என்றார். அவள் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள்.

வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். எதிரில் ஒரு டீக்கடை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவள் பேசியது எனக்குப் பாதிதான் விழுந்தது. அதை முதல் தடவையாக மறைக்காமல், “கேக்கல, திருப்பிச் சொல்லு” என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

அவள் நகர்ந்து உட்கார்ந்து, என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள். நடுரோட்டுப் பெஞ்சில், அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் போய் வருகிற இடத்தில்.

“ஒரு வருஷமா நான் உங்ககிட்ட பாதிப் பேச்சுதாங்க பேசறேன்” என்றாள். “கரண்டு பில்லு, மாத்திரை, யாராவது போன் பண்ணாங்கன்னா அது. இதெல்லாம் சத்தமா சொல்லிடலாம். சும்மா சொல்ற விஷயத்தை எப்பிடி சத்தமா சொல்றது? ஒண்ணைச் சொல்லுவேன், நீங்க ‘ஆங்?’னு கேப்பீங்க. ரெண்டாந்தடவ சொல்லும்போதே அது சப்புன்னு ஆயிடும். மூணாந்தடவ கேட்டீங்கன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுவேன். அப்புறம் ஆரம்பிக்கறதே விட்டுட்டேன்.”

வீட்டில் சண்டை குறைந்துபோயிருக்கிறது, வயசாக வயசாக அமைதி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. டீ ஆறிப்போயிருந்தது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

வண்டியை வாங்கிக்கொண்டு நேராகக் காது டாக்டரிடம் போனோம். உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி அறை. தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் மெஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் கேட்டது, அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் விரல் மெஷினில் அசைவது மட்டும் தெரிந்தது. விரல் அசையும்போது நான் பட்டனை அமுக்க ஆரம்பித்தேன். ஐம்பது வயது ஆள், பரீட்சையில் பார்த்து எழுதுகிற மாதிரி. நாலைந்து தடவை அமுக்கியிருப்பேன். வெளியே நின்ற என் மனைவி குனிந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துப் பழகியவள் கண்ணுக்கு இது தப்புமா?

டாக்டரம்மா காகிதத்தில் இருந்த கோட்டைக் காட்டினார். கோடு இடது ஓரத்திலிருந்து ஓரளவு நேராக வந்து, வலது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் இறங்கியது.

“மில்லுல எத்தனை வருஷம்?”

“இருவத்தாறுங்க.”

“காதுக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வேலை செய்வீங்களா?”

“இல்லைங்க. போட்டா மெஷின் சத்தம் கேக்காதே.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “சத்தமே கேட்காதுன்னு இல்ல. மெல்லிசான சத்தம் முதல்ல போகும். அப்புறம், ஒரு சத்தத்துக்குள்ள இருந்து இன்னொரு சத்தத்தைப் பிரிச்சுக் கேட்கறது போயிடும். போனது திரும்பி வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். காதுல மெஷின் வெச்சுக்கிட்டா பேச்சு நல்லாக் கேட்கும்” என்றார். வளவனூர் ரோட்டில் அவள் சொன்னதும் இதுதான். ரோட்டு சத்தம் தனி, இது அதுக்குள்ள வேற.

விழுப்புரம் திரும்பும்போது அறுபதைத் தாண்டியதும் அவள் சொன்னாள், “இப்ப இல்லங்க.” நான் நம்பினேன்.

மில்லில் சொல்வதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவளிடம், யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். அவள், “நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்” என்றாள். அந்த வாரம் முழுக்க ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்கும்போதெல்லாம் உமித் தூசிதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று சனிக்கிழமை மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். எலிவேட்டர் விஷயத்தையும் சொன்னேன். அது கிரீஸ் இல்லை, நான்தான் என்றேன்.

அவர் எழுந்து வந்து எனக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கும் சரியா கேக்கறது இல்லய்யா” என்றார். “வீட்டுல பேரப்பிள்ளை பேசறது புரியவே மாட்டேங்குது. எப்பிடி வெளிய சொல்றது, பேஜாரா இருக்குன்னு உட்டுட்டேன்.”

மில்லில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கத்தித்தான் அந்த ரகசியத்தைப் பேசிக்கொண்டோம். வெளியே வந்தபோது கணக்கெழுதுகிற அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

வேலை போகவில்லை. அந்த மாதமே காதை மூடுகிற மஃப் எல்லோருக்கும் வந்தது. முதலில் யாரும் போடவில்லை. மேனேஜரே ஒன்றை மாட்டிக்கொண்டு மில்லைச் சுற்றி வந்த பிறகு போட்டார்கள். தூரத்திலிருந்து காட்டினால் சூடு எவ்வளவு என்று சொல்கிற ஒரு கருவி வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது தினமும் காலையில் ஒவ்வொரு பேரிங்குக்கும் அதைக் காட்டி நோட்டில் எழுதுகிறேன். கேட்கிற வேலையை என்கூட இருப்பவர் பார்க்கிறார். தொடுகிற வேலை என்னுடையது. கை நன்றாகத்தான் இருக்கிறது.

காதுக்கு வைக்கிற மெஷின் வந்த முதல் வாரம் பெரிய தொல்லையாக இருந்தது. பாலிதீன் பையை யாராவது கசக்கினால் தலைக்குள் கசக்கினது போல இருக்கும். நான் முறுக்கு கடிக்கிற சத்தம் எனக்கே பயமாக இருந்தது. சீலிங் ஃபேன் கிறீச்சிடுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் விட்டேன். “அது ரெண்டு வருஷமா கத்திக்கினு இருக்கு” என்றாள் அவள். கழற்றி டப்பாவில் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. போடவில்லை.

போன வாரம் மில்லில் கரண்ட் வேலைக்காக ஒருநாள் நிறுத்தியிருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள், என்னவோ ஏதோ என்று. ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றேன். அவள் காரை எடுத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், ரோட்டைப் பார்த்தபடியே, சாதாரணக் குரலில் ஆரம்பித்தாள்.

“இன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு, ரப்பரைக் காணோம்னு ஒரே அழுகை. கிளாஸே தேடுது. பெஞ்சுக்கு அடியில, பையில, பக்கத்துப் பையன் பாக்கெட்டுலன்னு. கடைசியில அழுதுக்கினே வாயத் தொறந்துச்சு பாருங்க, உள்ள இருக்கு ரப்பர்.”

நான் சிரித்தேன். அவள் திரும்பி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ரோட்டைப் பார்த்தாள்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் இன்னா, அதைக் கழுவிக் குடுத்தேன். அந்தப் பக்கத்துப் பையன் இருக்கானே, அவன் என்னைக் கூப்பிட்டு, டீச்சர், என் பாக்கெட்டை ஏன் பாத்தீங்கன்னு கேக்கறான். மன்னிப்புக் கேட்டேன். சரின்னுட்டான். பெரிய மனுஷன். நேத்து அவங்கம்மா வந்தாங்க…”

அவள் பேசிக்கொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.